ஆறாவது கண்ணாடி

பேய் இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் நான் கண்டுபிடித்ததெல்லாம் ஓதம்தான். திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டில் சுவர் அழுகிறது என்று மூன்று சாமியாடிகளைக் கூட்டிவந்து பார்த்துவிட்டு நாலாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் சுவருக்குள்ளேயே ஒழுகிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழத்துக்குக் கொடுத்ததைக் குழாய்க்காரனுக்குக் கொடுத்திருந்தால் அழுகை அன்றைக்கே நின்றிருக்கும் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான். அந்த நான்தான் இதைச் சொல்கிறேன், சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

அருப்புக்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பழைய கட்டடத்தைத் தட்டிப் பார்த்து, இது நிற்கும், இது நிற்காது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். புதுசாகக் கட்டுகிற இன்ஜினியருக்கு ஊரில் மாலை மரியாதை எல்லாம் உண்டு. எனக்குக் கிடையாது. நன்றாக இருக்கிறது என்றால் இதைச் சொல்லவா இவன் வந்தான் என்பார்கள், நன்றாக இல்லை என்றால் வாசல்வரைகூட வந்து வழியனுப்ப மாட்டார்கள்.

போன கோடையில் சௌந்தரம் அம்மாள் கூப்பிட்டனுப்பினார். பஜாருக்குப் பின்தெருவில் அவர் வீடு, நெசவுக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, வெளியாட்களிடம் தமிழ். கணவர் போனபிறகு அவரே தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டார். விசைத்தறிச் சேலைகளை வாங்கி, பிசிறு வெட்டி, மடித்துக் கட்டி வெளியூருக்கு அனுப்புவது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். வேலை நடக்கிற கொட்டகைக்குத் தகரக் கூரை. நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். அந்த மாதம் ஒரு பெண் மடித்த சேலை மேலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம்.

அந்த வீட்டுக்குக் கீழே ஒரு பாதாளக் கிட்டங்கி உண்டு, சரக்கு அடைக்கிற நிலவறை. முன்காலத்தில் வீட்டை வைத்திருந்த பஞ்சு வியாபாரி, தீப்பிடிக்குமோ என்ற பயத்தில் தரையைத் தோண்டிக் கருங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. பதினாலு படி இறங்கினால் உச்சிவெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும். பெண்களை அங்கே உட்காரவைத்துவிடலாம் என்பது சௌந்தரம் அம்மாளின் எண்ணம்.

"சொவரு தாங்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார். எம்புள்ளைக மாதிரி இவுக எல்லாம். நாளைக்கு ஒண்ணுன்னா ஊருக்குள்ள நா எப்படித் தலைகாட்டுவேன்?" என்றார்.

நானும் கொத்தனார் முத்தையாவும் போனோம். முத்தையா மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவன், என் வயதுதான் இருக்கும், பதினைந்து வருஷமாக என்னோடு வேலை செய்கிறான். நான் திட்டாத நாளே இல்லை. அவனும் ஒருநாளாவது சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. அவனிடம் ஒரு பழக்கம். எந்த வேலையை முடித்தாலும் ஈரச் சாந்தில் வலது கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் கரண்டியைக் கழுவுவான். கேட்டால், "நீங்க பேப்பருல கையெழுத்துப் போடுறீக, நா இதுல போடுறேன்" என்பான்.

மேற்குச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது, ஆணி நுழைகிற அகலம். பழைய விரிசலா, இன்னும் திறந்துகொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறோம். மெல்லிய கண்ணாடித் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் வெள்ளை சிமெண்டால் ஒட்டிவிடுவது. சுவர் நூலளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். கண்ணாடிக் கடையில் ஆறு துண்டு வெட்டி வாங்கியிருந்தேன். ஆறாவதன் மூலையில் கடைக்காரன் கை தவறி நகம் மாதிரி பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்திருந்ததால் அதை டப்பாவிலேயே போட்டுவிட்டு மற்ற ஐந்தையும் முத்தையா ஒட்டினான். நான் மார்க்கரால் ஒன்று முதல் ஐந்துவரை எண்ணும் தேதியும் எழுதினேன். வழக்கம்போல் அவன் பத்து இடத்திலும் கட்டைவிரலை அழுத்தினான்.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் இதைச் சொல்வதில் அர்த்தமில்லை. வடக்குச் சுவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்தச் சுவர் முழுக்கப் பழைய தறிக் கட்டைகளைச் சாத்தி அடுக்கியிருந்தார்கள், பாவு சுற்றுகிற உருளைகள், சட்டங்கள், ஆளுயரத்துக்கு. மேலே தெரிந்த பகுதியில் வழவழவென்று சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரை உள்ளுக்குள்ளேயே தின்னும் என்று நானே நூறு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பசி நேரம், தெரு முழுக்கத் தறிச் சத்தம், தரையே அதிர்ந்துகொண்டிருந்தது. சுத்தியலால் மேலாக இரண்டு தட்டுத் தட்டினேன். என்ன சத்தம் வந்தது என்றே காதில் விழவில்லை. கட்டைகளை நகர்த்தச் சோம்பல்பட்டு, நோட்டில் 'வடக்கு: சரி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சௌந்தரம் அம்மாளிடமும் காட்டினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, திறந்து பார்க்கத்தான் மனசு வருவதில்லை.

யாரும் உள்ளே போய்க் கண்ணாடியை இடித்துவிடக் கூடாது என்று கதவுக்கு என் சொந்தப் பூட்டைப் போட்டேன். ஒரே சாவி, என் வண்டிச் சாவியோடு கோத்திருந்தேன். தெருவைப் பார்த்த ஒரு காற்றுத்துளை உண்டு, அதில் கம்பி வைத்திருக்கிறது, பூனை நுழையலாம். வேறு சாவி இருந்திருக்கும் சார், எவனாவது விளையாடியிருப்பான் என்று இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாள் கழித்து மாதாந்திர மின்தடை நாள் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மாதம் ஒருநாள் காலையிலிருந்து கரண்டை நிறுத்துவார்கள், அன்றைக்கு ஒரு தறியும் ஓடாது. ஊரே காது அடைத்தமாதிரி ஆகிவிடும். சுவரைத் தட்டிக் கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது, முக்கியமான வேலைகளை நான் அந்த நாளுக்கே வைத்துக்கொள்வேன். சௌந்தரம் அம்மாளும் அதே நாளைத்தான் பிடித்திருந்தார். பெண்களுக்கும் வேலை இல்லை, நாளும் நல்ல நாள், பதினொரு மணிக்குக் கீழே பால் காய்ச்சிவிட்டால் மறுநாளிலிருந்து அங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று.

பத்தே காலுக்குப் போனோம். வாசலில் கோலம், மாவிலை. பன்னிரண்டு பெண்களும் தலைநிறையப் பூவோடு நின்றார்கள். ஒருத்தி ஸ்டவ், ஒருத்தி பால் செம்பு, ஒருத்தி சாமி படம்.

"சீக்கிரம் பாத்துட்டுச் சொல்லுங்க சார். பாலைக் காச்சுன கையோட அந்தக் கட்டைகளை அப்புறப்படுத்திட்டு, வடக்குச் சொவத்தோரமா பாயை விரிச்சிருவோம். சாஞ்சு உக்கார வசதியா இருக்கும்ல" என்றார் சௌந்தரம் அம்மாள்.

அஞ்சு நிமிஷம்தான் அம்மா என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தேன். பூட்டு நான் போட்டபடியே இருந்தது, துளையில் சிலந்திகூட வலை கட்டியிருந்தது. டார்ச்சை அடித்துக்கொண்டு இறங்கினோம். மேற்குச் சுவரில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒரு கண்ணாடியும் உடையவில்லை. பழைய விரிசல், செத்த விரிசல், பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. படிப்பக்கம் திரும்பி, எல்லாரும் இறங்கலாம் என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"சார், இதென்ன இங்க ஒண்ணு ஒட்டிருக்கீக?" என்றான் முத்தையா.

அவன் டார்ச் வடக்குச் சுவரில் நின்றது. கட்டைகளுக்கு மேலே, விரிசலே இல்லாத அந்த வழவழப்பான பூச்சில், ஒரு கண்ணாடித் துண்டு. இரண்டு முனையிலும் வெள்ளை சிமெண்ட். நட்டநடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். "நான் சொல்லாமல் எதற்கடா இங்கே ஒட்டினாய்?" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"எங்கொலசாமி சத்தியமா அஞ்சுதேன் சார் வச்சேன். நீங்கதேன நின்னு எண்ணுனீக?"

கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் 6 என்று எழுதியிருந்தது. நான் ஆறு எழுதினால் அதன் தலை பின்பக்கமாகக் கொஞ்சம் வளைந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அதே ஆறு. தேதி மட்டும் இல்லை. சிமெண்ட் காய்ந்து கல்லாக இருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடிகூட உதிரவில்லை. கண்ணாடியின் மேல்மூலையில் நகம் மாதிரி ஒரு பிறை.

பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். மூலை உடைந்த அந்த ஆறாவது துண்டு, நான் பதினைந்து நாளைக்கு முன்னால் போட்ட இடத்திலேயே, உடையாமல், ஒன்றும் எழுதாமல் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பிறை, ஒரே அளவு. முத்தையா டார்ச்சைச் சுவருக்கும் டப்பாவுக்குமாக மாற்றி மாற்றி அடித்தான். ஊரில் ஒரு தறிச்சத்தம் இல்லாத அந்த அமைதியில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

பழக்க தோஷம், செல்லை எடுத்து நாலு போட்டோ எடுத்தேன். நல்லவேளை எடுத்தேன், இல்லாவிட்டால் இன்றைக்கு எனக்கே நான் பைத்தியம் என்று தோன்றியிருக்கும்.

"யாரும் இறங்கவேண்டாம்" என்று மேலே கத்தினேன். சௌந்தரம் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பால் செம்பை வாங்கிக்கொண்டு நாலு படி இறங்கிவந்துவிட்டார்.

"நேரம் போகுது சார். சரியா இருக்குன்னு நீங்கதேன எழுதுனீக?"

"எழுதினேன் அம்மா. தப்பாக எழுதிவிட்டேன். மேலே போங்கள்" என்றேன். இந்தத் தொழிலில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

நானும் முத்தையாவும் கட்டைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். நாலாவது கட்டையை எடுத்ததும் தெரிந்தது, கீழ்ப்பகுதியில் பூச்சு ஒரு முழ அகலத்துக்குக் கர்ப்பிணி வயிறு மாதிரி வெளியே தள்ளியிருந்தது. தரையோரம் கறுப்பாக ஈரம். சுத்தியலால் லேசாகத் தட்டினேன். நல்ல கல்சுவர் தட்டினால் கணீரென்று பதில் சொல்லும். இது மெத்தையைத் தட்டினமாதிரி பொத்தென்றது. நேர் பார்க்கிற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். குண்டு சுவரின் வயிற்றில் போய்ப் படுத்துக்கொண்டது. என் முதுகில் வேர்வை ஓடுகிறது, உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது, ரெண்டும் ஒரே நேரத்தில்.

அப்போது பூச்சின் அடியிலிருந்து மண் சரசரவென்று கொட்ட ஆரம்பித்தது. அரிசி மூட்டையில் ஓட்டை விழுந்தால் கொட்டுமே, அப்படி.

"சார்!" என்று முத்தையா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். படியில் விழுந்தேன். அடுத்த நொடி வடக்குச் சுவர் பாதி அப்படியே உட்கார்ந்தது. சத்தம் என்று சொல்வதா அதிர்ச்சி என்று சொல்வதா தெரியவில்லை, நெஞ்சில் யாரோ உதைத்தமாதிரி இருந்தது. கல்லும் சேறுமாகக் கிட்டங்கியின் பாதித் தரை மூடிப்போயிற்று. புழுதி படி வழியாக மேலே ஏறி மாவிலைத் தோரணம்வரை போயிருக்கிறது. மேலே பெண்கள் கத்துகிறார்கள், சௌந்தரம் அம்மாள் செம்பை நழுவவிட்டதில், பால் படிப்படியாக இறங்கி என் காலடிக்கு வந்தது. செல்லில் மணி பார்த்தேன். பத்து ஐம்பத்திரண்டு.

எட்டு நிமிஷம் கழித்து என்றால் பன்னிரண்டு பேரும் உள்ளே இருந்திருப்பார்கள். கட்டைகளை எடுக்கிறவர்களும் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். என் கையெழுத்தை நம்பி. அதை நினைத்ததும் படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன், வெட்கப்படவில்லை.

சுவருக்குப் பின்னால் வட்டமாகக் கட்டிய கல் தெரிந்தது. எந்தக் காலத்திலோ குப்பையும் மண்ணும் போட்டுத் தூர்த்த கிணறு, அதன் ஓரத்தை ஒட்டியே கிட்டங்கிச் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். அப்படி ஒரு கிணறு அங்கே இருந்தது சௌந்தரம் அம்மாளுக்கும் தெரியாது, தெருவில் எவருக்கும் தெரியாது.

என்னை இழுத்தபோது ஒரு கல் முத்தையாவின் வலது கையில் உரசிப் போயிருந்தது. கட்டைவிரலின் சதைப்பகுதியில் குறுக்கே சாய்வாகப் பிளந்து ரத்தம் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஐந்து தையல். சௌந்தரம் அம்மாள் பிறகு ஆட்களை வைத்துக் கிட்டங்கியை மண்போட்டு மூடிவிட்டார். கொட்டகைத் தகரத்துக்குமேல் தென்னங்கீற்று வேய்ந்தார், பெண்கள் மேலேயே உட்காருகிறார்கள், போன வாரம்கூடப் பார்த்தேன், எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். என் மனைவிக்கு என்று ஒரு சேலையும் கொடுத்தார். வாங்கத்தான் கூச்சமாக இருந்தது.

இதோடு முடிந்திருந்தால், யாரோ என்னவோ செய்தார்கள், நல்லதுதானே நடந்தது என்று விட்டிருப்பேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பந்தல்குடியில் ஒரு லாரி செட்டின் சுவருக்குப் போனோம். முத்தையாவுக்குத் தையல் பிரித்து, புண் ஆறி, அன்றுதான் மறுபடி வேலைக்கு வந்தான். ஒரு கண்ணாடி ஒட்டி முடித்தான், பழக்கப்படி கட்டைவிரலை அழுத்தினான். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். ஈர சிமெண்டில் ரேகைக்கு நடுவே குறுக்குச் சாய்வாக ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் தையல் போட்ட இடங்களில் புள்ளி புள்ளியாக.

அதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அப்புறம்தான் எங்கே என்று நினைவு வந்தது. செல்லை எடுத்து அந்த ஆறாவது கண்ணாடியின் போட்டோவைப் பெரிதாக்கினேன். கண்ணாடியின் இரண்டு முனையிலும் வெள்ளை சிமெண்டில் கட்டைவிரல் பதிவு. அன்றைக்கு எண்ணையும் பிறையையும் பார்த்த அதிர்ச்சியில் இதை நான் கவனிக்கவே இல்லை. குறுக்கே சாய்வாக ஒரு கோடு. ஒரு பக்கம் ஐந்து புள்ளி, மறுபக்கம் ஐந்து புள்ளி.

போட்டோ எடுத்த நேரம் செல்லிலேயே இருக்கிறது, பத்து முப்பத்தொன்று. அவன் விரல் கிழிந்தது பத்து ஐம்பத்திரண்டுக்கு.

முத்தையாவிடம் காட்டினேன். செல்லையும் தன் விரலையும் மாறிமாறிப் பார்த்தான். லாரி செட்டில் எவனோ ஹாரன் அடித்தான், ரெண்டுபேரும் துள்ளிவிட்டோம். அப்புறம் அவன் என் பையைப் பார்த்துக் கேட்டான்.

"அந்த மூலை ஒடஞ்ச கண்ணாடி இன்னும் இருக்கா சார்?"

இருக்கிறது. என் மேஜை இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். உடையவில்லை, எண் எழுதவில்லை. தூக்கி எறியக் கை வரவில்லை. தவறி உடைந்துவிடுமோ என்று வீடு பெருக்கும்போதுகூட அந்த மேஜையை யாரையும் நகர்த்த விடுவதில்லை. என் மனைவி இதையெல்லாம் பார்த்துவிட்டு, பேயே இல்லை என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன் கண்ணாடித் துண்டுக்குக் காவல் இருக்கிறீர்களே என்கிறாள். சொல்லட்டும்.

முத்தையா இப்போதெல்லாம் எந்தச் சாந்திலும் விரலை அழுத்துவதில்லை. ஆனால் மாதம் ஒருநாள் கரண்டு நிற்கும்போது, தறிகள் ஓய்ந்து ஊர் அடங்கியதும், எங்கே இருந்தாலும் எனக்குப் போன் போட்டுவிடுவான். அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்பான்.

"அத இன்னும் நாம ஒட்டலையே சார். ஒட்டாம வுட்டா, அன்னைக்கு அந்தப் புள்ளைக உள்ள எறங்கியிருக்கும்ல? ஒட்டணும்னா, அந்தச் சொவரே இப்ப இல்லையே. எங்க போயி ஒட்ட?"

ஒவ்வொரு மாதமும் போனை வைத்ததும் இழுப்பறையைத் திறந்து, துணியைப் பிரித்து, அதில் ஆறு எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.